ஐயெல்ட்ஸ் ஸ்பீக்கிங்கில் கேக்கும் இனிப்பும்: மொட்டைமாடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சாயங்காலம் ஏழெட்டுப் பேர் கூடி, வெளிநாடு போக எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐயெல்ட்ஸின் ஸ்பீக்கிங் பகுதிக்குப் பேசிப் பழகுகிறோம். லண்டன் போக நினைக்கும் நர்ஸ்கள் இருக்கிறார்கள், கனடாவுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள், கப்பல் வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு அண்ணனும் இருக்கிறார். வீடு, வேலை, ஊர் என்று கேட்டால் எல்லோரும் ஓரளவு சமாளிக்கிறார்கள். ‘கேக்ஸ் அண்ட் டிஸர்ட்ஸ்’ என்றதும் மாடியே அமைதியாகிவிடும். சாப்பிடத் தெரிகிறது, சொல்ல வரவில்லை. அந்த அமைதிக்குப் பிறகு கிளம்பும் கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். ஸ்பெல்லிங்கை மறந்துவிட்டு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

இந்தத் தலைப்பு தேர்வில் எங்கே வரும்?

பெரும்பாலும் பார்ட் ஒன்னில். ஸ்பீக்கிங் தேர்வு மொத்தமே 11 முதல் 14 நிமிடம். முதல் பகுதி நாலைந்து நிமிடம். உங்களைப் பற்றியும் தெரிந்த விஷயங்களைப் பற்றியும் சின்னச் சின்னக் கேள்விகள். இரண்டாவது பகுதியில் ஒரு கார்டு கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்க விட்டு, இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். மூன்றாவது பகுதி அந்தக் கார்டை ஒட்டிய பெரிய கேள்விகள், அதுவும் நாலைந்து நிமிடம். இனிப்பு மூன்றிலுமே நுழையலாம். ஐயெல்ட்ஸில் அகாடமிக், ஜெனரல் என்ற இரண்டு வகையில் எது எடுத்தாலும் ஸ்பீக்கிங் ஒன்றுதான்.

என்ன மாதிரி கேட்பார்கள்?

கேக், இனிப்பு பிடிக்குமா? சின்ன வயதில் பிடித்ததா? சாப்பாட்டுக்குப் பிறகு இனிப்பு சாப்பிடும் பழக்கம் உண்டா? நீங்களே கேக் செய்ததுண்டா? உங்கள் நாட்டில் மக்கள் எந்த இனிப்பை விரும்புகிறார்கள்? சுற்றிச் சுற்றி இவ்வளவுதான். பதில் சொன்னதும் ‘ஒய்?’ அல்லது ‘ஒய் நாட்?’ என்று ஒரு கொக்கி வரும். ஆட்கள் மாட்டுவது அந்தக் கொக்கியில்தான்.

எனக்கு கேக் பற்றி ஒன்றுமே தெரியாது. பெரிய கேக் கடைக்குள் போனதுகூட இல்லை. என்ன செய்வது?

எங்கள் மாடியில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. என் சொந்தக் கதையிலிருந்தே பதில் சொல்கிறேன்.

முதல் தடவை தேர்வுக்குப் போனபோது, ஒரு கோச்சிங் சென்டரில் கொடுத்த நோட்ஸை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அந்த நோட்ஸில் பிடித்த இனிப்பு ‘திராமிசு’ என்று இருந்தது. நானும் கேள்வி வந்ததும் மடமடவென்று ஒப்பித்தேன். எக்ஸாமினர் அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு ‘ஒய்?’ என்றார். ஒரே வார்த்தை. என் வாயில் திராமிசு என்ற பெயர் இருந்ததே தவிர, அதன் ருசி இல்லை. ‘பிகாஸ் இட் இஸ் வெரி டேஸ்டி அண்ட் ஹெல்தி’ என்றேன். காபியில் நனைத்த பிஸ்கட்டும் கிரீம் போன்ற சீஸும் அடுக்கிச் செய்யும் இத்தாலிய இனிப்பு அது என்று பிற்பாடுதான் தெரிந்தது. அதைப் போய் ஹெல்தி என்றிருக்கிறேன்! அவர் சிரிக்கவில்லை, அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். எனக்கு அந்த நிமிடமே நாக்கு உலர்ந்துவிட்டது, கடைசிவரை ஈரம் திரும்பவில்லை.

நீங்கள் சொல்லும் கேக்குக்கு மதிப்பெண் கிடையாது. நான்கு விஷயங்களைத்தான் பார்க்கிறார்கள்: தங்குதடையில்லாமல், தொடர்பாகப் பேசுகிறீர்களா, சொல்வளம் எப்படி, இலக்கணம் எப்படி, உச்சரிப்பு புரிகிறதா. நான்குக்கும் சம எடை. பிளாக் ஃபாரஸ்டுக்கு 7, டீக்கடை கேக்குக்கு 5 என்று பட்டியல் எதுவும் அவர்களிடம் இல்லை. மனப்பாடப் பதிலைக் கண்டுபிடிக்க எக்ஸாமினர்களுக்குப் பயிற்சியும் உண்டு.

அப்புறம், கேக் தெரியாது என்பது உண்மையா என்ன? டீக்கடை கண்ணாடி பாட்டிலில் எண்ணெய்த் தாளில் சுற்றிய டீ கேக்கைச் சாப்பிடாமலா வளர்ந்தீர்கள்? மேலே தேங்காய்த்தூளும் ஜாமும் பூசி, பாகு சொட்டச் சொட்ட வரும் தேன் கேக்? டிசம்பர் 31 ராத்திரி பேக்கரிக்காரர்கள் நடைபாதை வரைக்கும் மேஜை போட்டு கிலோ கேக்கை அடுக்குவார்களே, அதில் பெயர் எழுத வரிசையில் நின்றதில்லையா? அதைச் சொல்லுங்கள். ‘தேர் இஸ் அ ஸ்மால் பேக்கரி அட் த எண்ட் ஆஃப் மை ஸ்ட்ரீட். ஆன் நியூ இயர்ஸ் ஈவ் தே புட் டேபிள்ஸ் அவுட்சைட் அண்ட் செல் கேக்ஸ் டில் மிட்நைட்.’ இதற்கு ‘ஒய்?’ என்று கேட்டால் உங்களிடம் நூறு பதில் இருக்கும்.

நம் ஊர் இனிப்பை ‘டிஸர்ட்’ என்று சொல்லலாமா?

சொல்லலாம். ஆனால் வார்த்தைகளின் எல்லை கொஞ்சம் வேறு. நாம் ‘ஸ்வீட்’ என்றால் மைசூர்பாகு, ஜாங்கிரி, லட்டு. பிரிட்டிஷ்காரர் காதில் ‘ஸ்வீட்ஸ்’ என்றால் மிட்டாய் என்றுதான் விழும். தேன் மிட்டாய், கமர்கட் வகை. சாப்பாட்டின் முடிவில் வரும் இனிப்பு எதுவானாலும் அவர்களுக்கு ‘டிஸர்ட்’. வீட்டுப் பேச்சில் அதையே ‘புடிங்’ என்பார்கள், கிண்ணத்தில் ஆடும் புடிங் மட்டுமல்ல. அதனால் ‘இண்டியன் ஸ்வீட்ஸ்’ அல்லது ‘ட்ரெடிஷனல் ஸ்வீட்ஸ்’ என்று ஒரு சொல் சேர்த்துவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு இனிப்பு சாப்பிடுவீர்களா என்று கேட்டால்? எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமே இல்லை.

இல்லை என்றே சொல்லுங்கள், அதில்தான் சுவாரசியம். நம் பந்தியில் இலையில் முதலில் வந்து உட்காருவதே இனிப்புதான். ஓரத்தில் ஒரு ஸ்பூன் கேசரியோ ஒரு ஜாங்கிரியோ வைத்துவிட்டுத்தான் சோறு வரும். பாயசம் ரசத்தைத் தாண்டி எங்கேயோ வரும். கை கழுவிவிட்டு வெளியே வந்தால் பீடா, ஐஸ்கிரீம். ‘ஆக்சுவலி, இன் அவர் வெடிங்ஸ் த ஸ்வீட் கம்ஸ் ஃபர்ஸ்ட். இட்ஸ் சர்வ்டு ஆன் த பனானா லீஃப் பிஃபோர் த ரைஸ்.’ இந்த இரண்டு வாக்கியத்தைக் கேட்டால் எக்ஸாமினரே நிமிர்ந்து உட்காருவார். வீட்டில் எப்படி என்றால், ‘அட் ஹோம் வி டோன்ட் ரியலி ஹேவ் டிஸர்ட், எக்ஸெப்ட் ஆன் பர்த்டேஸ்’ என்று முடிக்கலாம்.

கேசரி, பிரெட் அல்வா என்றெல்லாம் தமிழ்ப் பெயர் சொன்னால் மார்க் குறையுமா? எப்படி விளக்குவது?

பெயரைச் சொல்லிவிட்டு அப்படியே விட்டால்தான் நஷ்டம். பெயரைச் சொல்லி, உடனே ஒரு வரியில் விளக்கினால் அது உங்கள் சொல்வளத்தைக் காட்டும் இடம். தெரியாத ஆளுக்கு ஒரு பொருளைப் புரியவைப்பது என்பது மொழித் திறமையிலேயே பெரிய பாதி.

பிரெட் அல்வாவையே எடுத்துக்கொள்வோம். கல்யாண பிரியாணியோடு ஓரத்தில் வைப்பார்களே, அது. எங்கள் மாடியில் ஒரு தம்பி முதல் தடவை சொன்னது: ‘இட் இஸ் பிரெட் அல்வா. இட் இஸ் மேட் ஃப்ரம் பிரெட். இட் இஸ் அல்வா.’ எல்லோரும் சிரித்தோம், ஆனால் தப்பு அவனுடையது அல்ல. தினமும் பார்க்கிற பொருளை நாம் யாருக்கும் விளக்கியதே இல்லையே. பத்து நிமிடம் கழித்து அவனே இப்படிச் சொன்னான்: ‘யூ ஃப்ரை த பிரெட் இன் கீ, தென் குக் இட் வித் மில்க் அண்ட் சுகர் அன்டில் இட் பிகம்ஸ் சாஃப்ட் அண்ட் ஸ்டிக்கி. வி யூஷுவலி ஈட் இட் வித் பிரியாணி அட் வெடிங்ஸ்.’ எதில் செய்தது, வாயில் எப்படி இருக்கும், எப்போது சாப்பிடுவோம், மூன்றும் வந்துவிட்டன.

பொருள்களின் பெயர் தெரிந்திருந்தால் வேலை சுலபம். ரவை என்பது ‘செமலினா’. வெல்லம் ‘ஜாகரி’, அதுவும் புரியாதவருக்கு ‘அ கைண்ட் ஆஃப் பிரவுன் சுகர் மேட் ஃப்ரம் கேன் ஜூஸ்’ என்று சேர்த்துக்கொள்ளலாம். ஏலக்காய் ‘கார்டமம்’. முந்திரி ‘கேஷூ’. மைதா என்று சொல்லாதீர்கள், ‘வைட் ஃப்ளவர்’ போதும். பூவும் மாவும் ஆங்கிலத்தில் ஒரே சத்தம்தான், பயப்படாதீர்கள். நெய்யை ‘கீ’ என்றால் பெரும்பாலும் புரிந்துவிடும். சர்க்கரைப் பொங்கலை, ‘ரைஸ் அண்ட் லென்டில்ஸ் குக்டு வித் ஜாகரி அண்ட் கீ, தே கிவ் இட் அட் த டெம்பிள்’ என்று சொன்னால் திருவொற்றியூர் கோயில் பிரசாதம் வரைக்கும் போகலாம். ஆங்கிலோ இந்திய வீடுகளில் ‘ரோஸ் குக்கி’ என்பது நம் அச்சு முறுக்குதான். அதன் பெயர் ஏற்கெனவே ஆங்கிலத்தில் இருக்கிறது என்பதற்காக விளக்காமல் விட்டுவிடாதீர்கள், எக்ஸாமினர் அதைப் பார்த்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

சௌகார்பேட்டைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஜிலேபி, ரப்ரி, பாதாம் பால் என்று உங்களிடம் சரக்கு ஏராளம். ஆனால் உங்கள் தெருவை ‘மின்ட் ஸ்ட்ரீட்’ என்று சொன்னால், கேட்பவர் அது ஏதோ புதினா விற்கிற தெரு என்று நினைத்துவிடலாம். ‘த ஸ்ட்ரீட் இஸ் நேம்டு ஆஃப்டர் த ஓல்டு காயின் மின்ட்’ என்று அரை வரி போட்டுவிடுங்கள். தங்கசாலை என்ற தமிழ்ப் பெயரிலேயே அந்த விளக்கம் இருக்கிறது, ஆங்கிலப் பெயரில்தான் ஒளிந்துகொண்டிருக்கிறது.

எவ்வளவு நீளம் பேச வேண்டும்?

பார்ட் ஒன்னில் இரண்டு மூன்று வாக்கியம். ‘எஸ், ஐ லைக்’ என்று நிறுத்துவதும் தப்பு, மாவு பிசைவதிலிருந்து தொடங்குவதும் தப்பு.

உச்சரிப்பில் எங்கே சறுக்குகிறோம்?

முதல் சறுக்கல் தலைப்பிலேயே இருக்கிறது. பாலைவனத்துக்கும் இனிப்புக்கும் ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட ஒரே எழுத்துகள். ஒரு எழுத்துதான் வித்தியாசம். பாலைவனம் என்றால் அழுத்தம் முன்னால் விழும்: ‘டெ’ பலமாக, மிச்சம் லேசாக. இனிப்பு என்றால் அழுத்தம் பின்னால்: ‘டி’யை லேசாக விட்டு ‘ஸர்ட்’டைப் பலமாகச் சொல்ல வேண்டும். நடுவில் நான் ‘ஸ’ என்று எழுதியிருக்கிறேன், வேறு வழியில்லை. உண்மையில் அது தேனீ ரீங்காரம் போன்ற சத்தம். தொண்டையில் விரலை வைத்துப் பாருங்கள், அதிர வேண்டும். ‘ரேஸின்’ என்ற உலர்திராட்சையிலும் அதே ரீங்காரம்தான். ‘ஐ லவ் டிஸர்ட்ஸ்’ என்பதற்குப் பதில் பாலைவனங்களைக் காதலிக்கிறேன் என்று சொன்னாலும் எக்ஸாமினருக்கு இடம் பார்த்துப் புரிந்துவிடும். ஆனால் அழுத்தம் தப்பித் தப்பி வந்தால் உச்சரிப்பு மதிப்பெண் கரையும்.

இரண்டாவது, நாம் எல்லாச் சொல்லுக்கும் பின்னால் ஒட்டவைக்கும் ‘உ’. ‘ஐ லைக்கு கேக்கு.’ தமிழில் சொல் வல்லின மெய்யில் முடியாது என்பதால் நாக்கு தானாக ஒரு ‘உ’வைத் தேடுகிறது. கேக் என்று சொல்லி வாயை அங்கேயே நிறுத்திப் பழகுங்கள். பேக்கரிக்காரர் காது கேட்காத மாதிரி கத்திச் சொல்லும்போது அந்த ‘உ’ வராது, கவனித்திருக்கிறீர்களா? அந்த வெட்டுதான் வேண்டும்.

மூன்றாவது, ‘பட்டர்’ வேறு, ‘பேட்டர்’ வேறு. முன்னது வெண்ணெய், பின்னது கேக்குக்குக் கலக்கும் மாவு. கேக் செய்த கதை சொல்லும்போது இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும், அங்கே வாயை நன்றாகத் திறந்து ‘பே’ சொல்லாவிட்டால் வெண்ணெயோடு வெண்ணெயைக் கலந்ததாக ஆகிவிடும்.

மற்றவை சில்லறை: ஓவன் அல்ல, ‘அவன்’. ‘ரெசிப்’ அல்ல, மூன்று அசையாக ‘ரெ-ஸி-பி’. பாதாமைச் சொல்லும்போது நடுவிலுள்ள ‘ல்’ பெரும்பாலும் ஊமை, ‘ஆமண்ட்’. பிஸ்கட்டை ‘பிஸ்கிட்’ என்று சொல்லிப் பழகலாம்.

நம் சாயலில் பேசினால் மார்க் போகும் என்று ஒரு பேச்சு உண்டு, நம்பாதீர்கள். சாயல் இருக்கலாம், புரிய வேண்டும், அவ்வளவுதான். மூக்கால் பேசி அமெரிக்கராக முயன்ற ஒரு தம்பியை நாங்களே புரிந்துகொள்ள முடியாமல் திரும்பச் சொல்லச் சொன்னோம்.

நாம் வழக்கமாகச் செய்யும் இலக்கணத் தவறுகள்?

‘மை ஃபாதர் ஹேஸ் சுகர்.’ இதுதான் முதல் பரிசு. நம் தெருவில் இது முழுசாகப் புரியும். வெளியாள் காதில், அப்பா கையில் சர்க்கரை வைத்திருக்கிறார் என்று விழும். ‘மை ஃபாதர் இஸ் டயபெடிக்’ அல்லது ‘ஹேஸ் டயபிடீஸ்’ என்று சொல்லுங்கள். நர்ஸ் அக்காக்களே இதைச் சொல்கிறார்கள், வார்டில் பேசிப் பேசி வந்த பழக்கம். ‘ஹேஸ் பிபி’யும் இதே கட்சி, அந்த அழுத்தம் எல்லோருக்கும்தான் இருக்கிறது, ‘ஹை’ சேர்த்தால்தான் நோய்.

‘ஐ ஆம் லைக்கிங் கேக்’, ‘ஐ ஆம் ஹேவிங் ஸ்வீட் டூத்’ இரண்டிலும் ‘இங்’கை எடுத்துவிடுங்கள். ‘ஐ லைக்’, ‘ஐ ஹேவ் அ ஸ்வீட் டூத்’. ‘சின்ஸ் சைல்டுஹுட் ஐ ஆம் ஈட்டிங்’ என்பதை ‘ஐ ஹேவ் பீன் ஈட்டிங் இட் சின்ஸ் ஐ வாஸ் அ சைல்டு’ என்று மாற்றுங்கள். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பழகலாம், எந்தத் தலைப்புக்கும் உதவும். ‘மோர் ஸ்வீட்டர்’ கிடையாது, ‘ஸ்வீட்டர்’ போதும்.

கேக்கை எண்ணுவதில் ஒரு நுணுக்கம். முழு கேக் என்றால் ‘அ கேக்’, இரண்டு வாங்கினால் ‘டூ கேக்ஸ்’. வெட்டிச் சாப்பிட்டது என்றால் ‘சம் கேக்’ அல்லது ‘அ பீஸ் ஆஃப் கேக்’. ‘ஐ ஏட் அ கேக் திஸ் மார்னிங்’ என்று சாவகாசமாகச் சொன்ன ஒரு பெண், காலை டிபனுக்கு ஒரு முழு கேக்கைத் தின்றதாக ஆனாள்.

பிறகு, ‘நேட்டிவ்’, ‘கேக் கட்டிங் ஃபங்க்‌ஷன்’, ‘பியூர் வெஜ் கேக்’ எல்லாம் நம் ஊருக்குள் செல்லுபடியாகும் நாணயம். வெளியே ‘மை ஹோம்டவுன்’, ‘வி கட் த கேக்’, ‘அ கேக் வித்தவுட் எக்ஸ்’.

‘டேஸ்டி’யைத் தவிர வேறு வார்த்தையே வரவில்லை.

ருசியைச் சொல்வதை விட்டுவிட்டு, வாயில் நடப்பதைச் சொல்லுங்கள். டீ கேக் கொஞ்சம் உலர்ந்தது, உதிரும்: ‘ட்ரை அண்ட் க்ரம்ப்ளி’. தேன் கேக் ஈரமானது: ‘மாய்ஸ்ட்’, ‘சோக்டு இன் சிரப்’. சுடச்சுட ஜிலேபி வெளியே மொறுமொறு, உள்ளே பாகு: ‘க்ரிஸ்பி அவுட்சைட், ஜூஸி இன்சைட்’. ஜவ்வு மிட்டாய் ‘சூவி’. நெய் ஒழுகும் அல்வா ‘ரிச்’. திகட்டுவதற்கு? ‘அ பிட் டூ ஸ்வீட் ஃபார் மி’ என்பதுதான் கிட்டத்தில் வரும். ஆனால் திகட்டலின் முழுப்பொருள் அதில் வரவில்லை என்பது என் கருத்து. ‘ஐ கான்ட் ஈட் மோர் தன் டூ பைட்ஸ்’ என்று சேர்த்துச் சொன்னால் ஓரளவு வந்துவிடும்.

‘ஸ்வீட் டூத்’, ‘பீஸ் ஆஃப் கேக்’ மாதிரி இடியம் (மரபுத்தொடர்) போட்டால் பேண்ட் (மதிப்பெண்) ஏறுமா?

இயல்பாக வந்தால் ஏறும், திணித்தால் இல்லை. ‘ஸ்வீட் டூத்’ ஒரு தடவை சொல்லலாம். பல் ஒருமையில்தான், ‘டீத்’ அல்ல. ‘பீஸ் ஆஃப் கேக்’ என்றால் மிகச் சுலபம் என்று பொருள். கேக்கைப் பற்றிப் பேசும் இடத்தில் அதைப் போட்டால் நிஜத் துண்டா, இடியம் துண்டா என்று கேட்பவர் குழம்புவார். வேறு தலைப்புக்கு எடுத்து வையுங்கள்.

எனக்கு இனிப்பே பிடிக்காது.

நல்லது. ‘டு பி ஆனஸ்ட், ஐ ஆம் நாட் அ பிக் ஃபேன் ஆஃப் ஸ்வீட் திங்ஸ். ஐ வுட் ராதர் ஹேவ் சம்திங் ஸ்பைசி, லைக் ஃப்ரைடு ஃபிஷ்.’ காசிமேட்டுக்காரர் வாயில் இந்தப் பதில் எவ்வளவு பொருத்தம்!

பொய் சொல்லலாமா?

சொல்லலாம், யாரும் வந்து சரிபார்க்கப் போவதில்லை. ஆனால் பொய்க்கு ருசி கிடையாது. என் திராமிசு கதையை மேலே படித்தீர்களே. கொஞ்சம் நீட்டிச் சொல்வது வேறு: அண்ணன் வாங்கி வந்த கேக்கை நீங்களே வாங்கியதாகச் சொல்லலாம், தப்பில்லை.

‘ஒரு சிறப்பான கேக்கைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கார்டு வந்தால் இரண்டு நிமிடம் எப்படி ஓட்டுவது?

என்ன கேக், யார் கொடுத்தது, எப்போது, ஏன் மறக்கவில்லை என்ற அளவில் கார்டில் குறிப்பு இருக்கும். ஒரு நிமிடத்தில் முழு வாக்கியம் எழுத உட்காராதீர்கள், ஐந்தாறு சொல் போதும். பேப்பரும் பென்சிலும் அவர்களே தருவார்கள்.

கேக்கைப் பற்றி மட்டுமே பேசினால் நாற்பது நொடியில் தீர்ந்துவிடும். கேக்கைச் சுற்றியிருந்த ஆட்களைப் பற்றிப் பேசினால் இரண்டு நிமிடம் போதாது. இரண்டாவது தடவை தேர்வுக்குப் போகும் முன் நான் தயார் செய்துகொண்டது இது. சின்ன வயதில் ராயபுரத்தில் ஒரு சந்தில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி நவம்பர் மாதமே உலர்பழங்களை ரம்மில் ஊறப்போட்டுவிடுவார். சர்க்கரையைக் கருக்கிப் பாகு காய்ச்சும் நாளில் சந்து முழுக்க அந்த வாசம் நிற்கும். கேக்குக்கு அந்தக் கறுப்பு நிறம் வருவதே கருக்கிய பாகினால்தான். ஆன்ட்டி வீட்டில் ‘அவன்’ அடுப்பு கிடையாது. கலந்த மாவைத் தகர டின்களில் ஊற்றி, பெயர் எழுதிய சீட்டு ஒட்டி, பேக்கரி விறகு அடுப்புக்குக் கொண்டுபோவோம். வேகும்வரை வாசலில் காத்திருந்து, டின் மாறிப் போகாமல் பார்த்து வாங்கி வருவது என் வேலை. கூலி, ஓரத்தில் கருகிய ஒரு துண்டு. அந்தக் கருகல்தான் எனக்கு இன்றைக்கும் கேக்.

இதை ஆங்கிலத்தில் சொல்லும்போது ‘யூஸ்ட் டு’வும் ‘வுட்’டும் தானாக வந்து விழும், அதுதான் இந்தக் கதையின் லாபம். ‘அவர் நெய்பர் யூஸ்ட் டு மிக்ஸ் த பேட்டர் அட் ஹோம் அண்ட் டேக் இட் டு த பேக்கரி, பிகாஸ் ஷி டிட்ன்ட் ஹேவ் அன் அவன். ஐ வுட் வெயிட் அவுட்சைட் டு மேக் ஷுர் நோபடி டுக் அவர் டின்.’ பழைய வழக்கத்தைச் சொல்லி, பிறகு ‘ஒன் இயர்’ என்று ஒரு குறிப்பிட்ட வருடத்துக்குள் இறங்கினால் சாதாரண இறந்தகாலமும் வந்துவிடும். ஒரு வருடம் டின் உண்மையிலேயே மாறிப்போனது, எங்களுக்கு வேறு யாருடைய கேக்கோ வந்தது. அதைச் சொன்னால் நேரம் போவதே தெரியாது.

நீங்கள் என் கதையைச் சொல்லாதீர்கள். பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸிலும் வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் இதைவிட நல்ல கதைகள் இருக்கின்றன.

நடுவில் எக்ஸாமினர் நிறுத்தினால் மோசமாகப் பேசினோம் என்று அர்த்தமா?

இல்லை. அவருக்கு நேரக் கணக்கு, அவ்வளவுதான்.

பார்ட் த்ரீயில் கேக்கை வைத்து என்ன பெரிய கேள்வி கேட்டுவிட முடியும்?

விசேஷம் என்றால் ஏன் இனிப்பு? பாரம்பரிய இனிப்புகள் மறைந்து வருகின்றனவா? பிள்ளைகள் இனிப்பு தின்பதைப் பள்ளிகள் கட்டுப்படுத்த வேண்டுமா? இங்கே ‘நான்’ குறைந்து ‘மக்கள்’ கூட வேண்டும். ‘ஐ’க்குப் பதில் ‘பீப்பிள்’, ‘ஃபேமிலீஸ்’, ‘த யங்கர் ஜெனரேஷன்’ என்று தொடங்குங்கள். ‘இட் டிபென்ட்ஸ்’, ‘டு சம் எக்ஸ்டென்ட்’ போன்றவை யோசிக்க நேரம் வாங்கித் தரும். வாக்கியத்துக்கு ஒன்று என்று போட்டால் சலிப்புத் தட்டும்.

வட சென்னைக்காரர்களுக்கு இந்தப் பகுதி உண்மையில் வரம். வெளிநாட்டு இனிப்பு எப்படி ஒரு ஊருக்குள் வருகிறது என்று கேட்டால் நாம் புத்தகம் தேட வேண்டியதில்லை. ராயபுரம் ரயில் நிலையம் 1856-ல் திறந்தது, தென்னிந்தியாவிலேயே முதல் நிலையம். ரயில்வே வேலையை ஒட்டி ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ராயபுரத்திலும் பெரம்பூரிலும் பெருகின, கிறிஸ்துமஸுக்கு ப்ளம் கேக்கும் குல்குல் என்ற பொரித்த மாவு இனிப்பும் அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தட்டில் வந்தன. வியாபாரத்துக்கு வந்த மார்வாடி, குஜராத்தி மக்களோடு சௌகார்பேட்டைக்கு ஜிலேபியும் ரப்ரியும் வந்தன. ‘ஸ்வீட்ஸ் டிராவல் வித் பீப்பிள்’ என்று தொடங்கி இந்த இரண்டையும் சொன்னால், பத்து வரி மனப்பாடத்தைவிட மேல்.

பள்ளிக் கேள்விக்கு எந்தப் பக்கம் பேசினாலும் சரி. கருத்துக்கு மார்க் இல்லை, அதைத் தாங்கிப் பிடிக்கும் காரணத்தைச் சொல்லும் விதத்துக்குத்தான்.

கேள்வி புரியாவிட்டால்?

‘சாரி, குட் யூ ரிப்பீட் தட்?’ என்று உடனே கேளுங்கள். பார்ட் த்ரீயில் சொல் புரியவில்லை என்றால் அதன் பொருளைக்கூடக் கேட்கலாம். ‘வாட்?’ என்று மட்டும் கேட்காதீர்கள், சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

எனக்கு நர்ஸ் பதிவுக்கு ஸ்பீக்கிங்கில் 7 வேண்டும். கேக் பேசியெல்லாம் 7 வருமா?

வரும். 6-லேயே நிற்பவர்களை நான் பார்த்த வரையில், ஆங்கிலம் தெரியாமல் நிற்பதில்லை. சின்னக் கேள்விக்குப் பெரிய பதில் வேண்டும் என்று தேடித் தேடி நின்று நின்று பேசுகிறார்கள். தெரிந்த விஷயத்தைத் தொடர்ச்சியாகப் பேசுகிறவருக்கு நடுவே ‘க்ரம்ப்ளி’யும் ‘சோக்டு இன் சிரப்’பும் தானே வரும்.

வீட்டில் ஆங்கிலம் பேச யாரும் இல்லை. எப்படிப் பழகுவது?

மெட்ரோவில். விம்கோ நகரில் ஏறி, ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷன் வரும்வரை ஒரே இனிப்பைப் பற்றி மனதுக்குள் நிறுத்தாமல் பேசுங்கள். காலடிப்பேட்டைக்குள் கேசரி முடிய வேண்டும், சுங்கச்சாவடியில் ஜாங்கிரி ஆரம்பிக்க வேண்டும். வண்ணாரப்பேட்டை வருவதற்குள் ஒரு ஸ்வீட் கடையே காலியாகிவிடும். போனில் பேசுகிற மாதிரி காதில் வைத்துக்கொண்டு வாய்விட்டே பேசுகிறார் எங்கள் கப்பல் அண்ணன். பக்கத்து சீட்டுக்காரர் ஒருநாள், ‘சார், அந்தக் கடை எங்கே இருக்குது?’ என்று கேட்டிருக்கிறார். விளக்கம் நன்றாக இருந்ததற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்!

பேசியதை போனிலேயே பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். அன்றைக்கே கேட்டால் நம் குரல் நமக்கே பிடிக்காது.

மாடிக்கு வரக் கட்டணம் உண்டா?

கிடையாது. டீயும் பட்டர் பிஸ்கட்டும் ஆளுக்கு ஒருநாள் முறை வைத்து வாங்கிவர வேண்டும். வாங்கி வந்தவர் அன்றைக்கு அதை ஆங்கிலத்தில் விவரித்து முடிக்கும்வரை யாரும் தொடக்கூடாது. போன வாரம் ஒருவர் தேங்காய் பன் கொண்டுவந்து ‘இட் இஸ் அ பன் வித் கோகனட்’ என்பதற்குமேல் நகரவே இல்லை, டீ ஆறிப்போனது.